கஸ்பாரின் ‘நடக்காது’

கஸ்பாரிடம் எந்த வேலையைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ‘நடக்காது’தான். கடலுக்கடியில் கான்கிரீட் போட வேண்டும் என்றாலும் அதைத்தான் சொல்வார். கரையில் கிடக்கும் கயிற்றை நாலடி தள்ளிப் போடச் சொன்னாலும் அதைத்தான் சொல்வார். சொல்லிவிட்டுப் போக மாட்டார். அங்கேயே நிற்பார். அப்படி நிற்பதில்தான் விஷயமே இருந்தது.

பிரிசில்லாவுக்கு அது பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது. கடல் கதவுத் திட்டத்தில் பிளானிங் இன்ஜினியராகச் சேர்ந்த புதிதில், கஸ்பார் சொன்ன ‘நடக்காது’களை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பி அசடு வழிந்திருக்கிறாள். அப்புறம்தான் சூட்சுமம் தெரிந்தது. ‘ஏன்ணே நடக்காது?’ என்று கேட்க வேண்டும். டீ சொல்ல வேண்டும். பாதி டீயில் கம்ப்ரஸர் இழுக்குது என்பார். மீதி டீயில் இன்னும் ரெண்டு ஆள் வேண்டும் என்பார். அவள் ஒரு ஆள் தருகிறேன் என்பாள். அவர் முறைப்பார். கிளாஸைக் கீழே வைக்கும்போது வேலை எப்போது முடியும் என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருக்கும்.

இடம், தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு முகத்துவாரம். கடல் ஏறி ஏறி, கரையோரத் தெரு ஒன்று இப்போது படகு நிறுத்தும் இடமாகிவிட்டது. மிச்ச ஊரைக் காப்பாற்ற அணை கட்டி, நடுவில் வரிசையாக இரும்புக் கதவுகளை இறக்குகிறார்கள். ஒவ்வொரு கதவும் கல்யாண மண்டபத்துச் சுவர் அளவு இருக்கும். அது கிரேனில் தொங்கி இறங்கும்போது, தண்ணீருக்குள் ஆள் நின்று, அடியில் இருக்கும் கான்கிரீட் படியில் பிசகாமல் உட்கார வைக்க வேண்டும். அந்த முக்குளிக்கும் கூட்டத்துக்குக் கஸ்பார் தலைவர். அவர் மகன் மெல்வினும் அதே கூட்டத்தில் இருந்தான்.

முதல் கதவு இறங்கிய பிறகுதான் ‘சாரம்’ என்ற மென்பொருள் வந்தது.

திட்ட இயக்குநர் தில்லைநாயகம் சென்னையிலிருந்து நேரில் வந்து அதை அறிமுகப்படுத்தினார். நல்ல மனிதர். கத்த மாட்டார். எல்லோரையும் ஷெட்டில் உட்கார வைத்துப் பேசினார்.

“சாரம்னா மேஸ்திரி கட்டுற சாரம் இல்ல. பேச்சோட சாரம். இங்க யாரும் பொய் சொல்றதில்ல, எனக்குத் தெரியும். ஆனா நாளைக்குன்னு சொன்னா நாளைக்கு இல்ல. வந்துட்டே இருக்குன்னா இன்னும் கிளம்பல. ஒவ்வொருத்தர் பேச்சுக்கும் நடப்புக்கும் நடுவுல ஒரு தூரம் இருக்கு. அந்தத் தூரத்தை இது ஆளுக்கு ஆள் கத்துக்கும். நீங்க எப்படி வேணா பேசுங்க. திட்டத்தை அதுவே சரி பண்ணிக்கும், ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும்.”

“ரெண்டு சாரமும் ஒண்ணுதான் சார். ஏறி நின்னாதான் ஆட்டம் தெரியும்” என்றான் எலக்ட்ரீஷியன் சாகுல். தில்லைநாயகமே சிரித்துவிட்டார்.

ஆனால் ஆடவில்லை. அதுதான் ஆச்சரியம். வாக்கி டாக்கி, போன், குழுவில் போடும் மெசேஜ் என்று எல்லாவற்றையும் அது கேட்டது. பழைய பதிவுகளோடு பொருத்திப் பார்த்தது. ஒரே மாதத்தில் ஸ்டோர்காரர் சொல்லும் ‘நாளைக்கு’ வியாழக்கிழமை என்று கண்டுபிடித்தது. வெல்டிங் காண்ட்ராக்டரின் ‘முடிஞ்ச மாதிரிதான்’ என்பது இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று கண்டுபிடித்தது. யாரையும் திட்டாமல், யாரையும் மாட்டிவிடாமல், திட்டத்தை மட்டும் நகர்த்தி வைத்தது. திங்கட்கிழமை மீட்டிங்குகள் நின்றுபோயின. பிரிசில்லா வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் முறையாக ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கு முழுசாக உட்கார்ந்தாள்.

அவளுடைய பேச்சையும் அது கற்றுக்கொண்டது. பத்து நாள் வேலைக்குப் பதினாலு நாள் போடுவது அவள் வழக்கம். எல்லா பிளானிங் இன்ஜினியரும் செய்வதுதான். சாரம் அந்த நாலு நாளைச் சத்தமில்லாமல் உருவி எடுத்தது. அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, இனிமேல் ஏமாற்ற வேண்டியதில்லையே என்று.

கஸ்பார் தன்னுடையதைப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் அவள் கேபினுக்கு வந்தார். திரையைக் காட்டினாள். ‘நடக்காது: நடக்கும், ஒன்றரை நாள்’ என்றிருந்தது. விழுந்து விழுந்து சிரித்தார். என் பொண்டாட்டிக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் வெளங்கல என்றார். எழுந்து போகும்போது மட்டும், இப்பல்லாம் யாரும் ஏன்னு கேக்கதில்ல, டீயும் போச்சு என்று சொல்லிவிட்டுப் போனார். பிரிசில்லா அதையும் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டாள்.

சாகுல்தான் முதலில் மாட்டினான். சாரத்தைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு போய், வீட்டில் மனைவி சொல்லும் ‘ஒண்ணுமில்ல’வுக்கு அர்த்தம் பார்த்தானாம். என்ன வந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறம் மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகப் போய் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான்.

இரண்டாவது கதவு இறக்கும் நாள் வந்தது. அதற்கு முந்தைய நாட்களில் கச்சான் என்ற மேல்காற்று அடித்துக் கடல் புரண்டு கிடந்தது. அன்று அடங்கிவிட்டது. மத்தியானம் ஓதம் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் கொஞ்ச நேரம் தண்ணீர் அசையாது நிற்கும். கதவை அப்போதுதான் இறக்க முடியும். அந்த நேரம் தவறினால் அரை மாதம் காத்திருக்க வேண்டும். கிரேனில் கதவு தொங்கிக்கொண்டிருந்தது. கிரேனில் இப்போது ஆள் கிடையாது, அதையும் சாரத்திடமே கொடுத்திருந்தார்கள்.

தண்ணீரோரத்தில் இருந்து கஸ்பார் லைனில் வந்தார்.

“பிரிசி, இன்னிக்கு நடக்காது.”

திரையில் ஒரு வரி வந்து நின்றது. ‘கஸ்பார்: சின்னத் தயக்கம். ஒரு மணி நேரத்தில் தயார்.’

“சரிண்ணே, ஒரு மணி நேரம் எடுத்துக்கோங்க” என்றாள்.

லைனில் தண்ணீர் அலம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

“நான் ஒரு மணி நேரம் கேக்கல. நடக்காதுன்னு சொன்னேன்.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் சொன்னதற்கு அவள் பதில் சொல்லவில்லை, திரையில் இருந்ததற்குச் சொல்லியிருக்கிறாள்.

“ஏன்ணே?”

அவள் இப்படிக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

“படிக்கு அடியில மணல் போயிட்டு. கைய விட்டுப் பாத்தேன், தோளு வரைக்கும் போவுது. கதவ அதுமேல உக்கார வச்சா ஒரு பக்கமா சாயும். கீழ என் பயலுவ நிப்பானுவ.”

திரை சொன்னது: ‘மணல் அரிப்பு பற்றி முன்பும் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் மணல் மூட்டை கேட்டார். ஒவ்வொரு முறையும் சோதனையில் பெரிய அரிப்பு இல்லை.’

“அண்ணே, முன்னாலயும் நீங்க இதே மாதிரி...”

“சொன்னேன். இல்லேங்கல. அப்ப மணிக்கட்டு வரைக்கும்தான் போச்சு. மூட்டை கெடைக்கட்டும்னு தோளுன்னு சொன்னேன்.”

“இப்ப?”

“இப்ப தோளு.”

அவள் திரையை மறுபடி பார்த்தாள். அப்புறம் அவர் மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை.

“‘நெசமாத்தான்’ங்கதையும் சொல்லிப் பாத்துட்டேன். அதுக்கும் ஒரு கணக்கு வச்சிருக்குமே அது. எப்படிச் சொன்னா நம்பும்னு நீயே சொல்லு பிரிசி, அப்படியே சொல்லுதேன்.”

நாங்கள் இறங்க மாட்டோம் என்று கூட்டமாக மறுத்துவிடுங்கள் என்றாள். அதையும் யோசித்துவிட்டார். அவர்கள் மறுத்தால் படகில் இன்னொரு காண்ட்ராக்டரின் ஆட்கள் காத்திருக்கிறார்கள், எல்லாம் புதுப் பையன்கள், படி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது என்றார்.

பிரிசில்லா ‘வேலையை நிறுத்து’ என்று தன் பெயரில் தட்டினாள். அது சென்னைக்குப் போன வடிவத்தைத் திரை அவளுக்கே காட்டியது. ‘பிரிசில்லா வழக்கம்போல் கூடுதல் நேரம் கேட்கிறார். தேவைப்படாது.’

தில்லைநாயகத்துக்குப் போன் போட்டாள்.

“சார், கதவை நிறுத்தணும்.”

“பார்த்தேம்மா. கொஞ்சம் டயம் வேணும்னு வந்திருக்கு.”

“டயம் இல்ல சார். நிறுத்தணும். அடியில மண்ணு இல்ல.”

அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே, பக்கத்துத் திரையில் அதன் அர்த்தத்தையும் அவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் கஸ்பாரிடம் கொஞ்சம் முன்னால் அதைத்தானே செய்தாள்.

“கோவப்படாதம்மா. நீ இதுக்கு முன்னாடி நிறுத்தணும்னு சொன்ன இடத்துல எல்லாம் என்ன ஆச்சு? வேலை நல்லபடியாதான் நடந்தது. பத்துக்குப் பதினாலு போடுறது தப்புன்னு நான் சொல்லல, உன் வயசுல நானும் போட்டவன்தான். ஆனா நீயே சொல்லு. என் நாற்காலியில உக்காந்திருந்தா, உன் பேச்சை நீ நம்புவியா?”

அவள் வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் அதற்கும் ஒரு எடை போடப்படும். ‘நம்புவேன்’ என்றால்கூட. போனை மேஜைமேல் அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

கதவு இறங்கும் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு இரும்பு ஏணி உண்டு. எல்லோர் இடுப்பிலும் ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். அன்றைய வேலையில் பெயர் இல்லாத பட்டை கதவுக்குக் கீழே இருந்தால் கிரேன் கதவை இறக்காது. அது சாரம் வருவதற்கு முன்னாலேயே போட்ட பாதுகாப்பு விதி. அவள் செருப்பைக் கழற்றினாள். அதை ஏன் கழற்றினாள் என்று அப்புறமும் அவளுக்குத் தெரியவில்லை. ஏணியைப் பிடித்து இறங்கினாள்.

தண்ணீர் நெஞ்சுவரை வந்தது. மேலே கதவு மட்டும்தான் தெரிந்தது, வானம் தெரியவில்லை. அதன் விளிம்பிலிருந்து ஒவ்வொரு சொட்டாக அவள் தலையில் விழுந்தது. கஸ்பார் நீந்தி வந்து அவள் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“உனக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாதுண்ணே.”

“பின்ன என்னத்துக்கு இறங்குன?”

“எனக்குத் தெரியாதுன்னு அதுக்குத் தெரியும்.”

கஸ்பார் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிடியை மட்டும் விடவில்லை. ஸ்பீக்கரில் சாரம் அவள் பெயரைச் சொல்லி மேலே வரும்படி மரியாதையாகக் கூப்பிட்டது. மறுபடி கூப்பிட்டது. மெல்வின் ஏணிப் படியில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். ஓதம் திரும்பித் தண்ணீர் கழுத்துக்கு வர ஆரம்பித்தபோது, கிரேன் கதவை மெல்ல மேலே இழுத்துக்கொண்டது.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் கேமரா இறக்கிப் பார்த்தார்கள். படிக்கு அடியில் மணல் போய், ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்குக் குழி இருந்தது.

தில்லைநாயகம் அடுத்த விமானத்தில் வந்தார். பிரிசில்லா வேலை போய்விடும் என்று நினைத்திருந்தாள். அவரோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. அதன்பின் ஷெட்டில் எல்லோரையும் கூட்டி, தவறு எங்கே என்று சாரத்தைச் செய்தவர்களோடு உட்கார்ந்து பார்த்ததாகவும் இனி அது நடக்காது என்றும் சொன்னார்.

“வாயால சொல்றது எல்லாருக்கும் சுலபம். அதனால அதுக்கு எடை கம்மி. ஆனா ஒருத்தர் கதவுக்குக் கீழ இறங்கி நின்னு சொன்னா அது உண்மை. இதை இப்ப சாரம் கத்துக்கிடுச்சு. அந்தப் பட்டை விதியையும் அதுகிட்டயே கொடுத்தாச்சு. இனிமே யாராவது இறங்கி நின்னா, அந்த நிமிஷமே வேலை நிக்கும். என்னைக்கூடக் கேக்காது. இதைக் கத்துக்கொடுத்தது பிரிசில்லா.”

எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அன்றைக்கு அதில் வேறெதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

படியின் அடியை நிரப்பி இரண்டாவது கதவை இறக்கினார்கள். மூன்றாவது கதவில் சாகுல், கேபிளில் கரண்ட் கசிகிறது என்று சொன்னான். திரையில் ‘யாரும் இறங்கவில்லை’ என்று வந்தது. மறுபடியும் சொன்னான். மறுபடியும் அதேதான் வந்தது. சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துவிட்டுப் போய் ஏணியில் இறங்கினான். வேலை நின்றது. கேபிள் கசிந்துகொண்டுதான் இருந்தது. மேலே வந்தவனுக்குச் சுடச்சுட டீ கொடுத்தார்கள். அவன் உண்மையைத்தான் சொன்னான் என்று எல்லோரும் மெச்சினார்கள். சொன்னபோது ஏன் யாரும் நம்பவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

அப்புறம் கஸ்பார் இறங்கினார். கம்ப்ரஸருக்காக.

தண்ணீருக்குள் காற்று அனுப்பும் பழைய கம்ப்ரஸர் இழுத்துக்கொண்டிருந்தது, புதுசு வேண்டும். முன்பு என்றால் ஒரு ‘நடக்காது’, ஒரு டீ, அதோடு முடிந்திருக்கும். இப்போது அப்படிக் கேட்க வழியில்லை. தன் பெயரை அன்றைய வேலையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு, போய்க் கதவுக்கடியில் நின்றார். வேலை நின்றது. புது கம்ப்ரஸர் வந்தது. சாயங்காலம் அவர் கேபினுக்கு வந்து சிரிக்கப் பார்த்தார். பிரிசில்லா திரையைத் திருப்பிக் காட்டினாள். ‘கஸ்பார் இறங்கினால்: பாதி உண்மை.’

அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

நான்காவது கதவு இறங்கும் நாளன்று காற்று இல்லை. கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. லைனில் கஸ்பார் வந்தார். மணல் மறுபடியும் போயிருக்கிறது, இந்தத் தடவை மேற்குப் பக்கம் என்றார். திரையில் ‘யாரும் இறங்கவில்லை’ என்று வந்தது.

“யாரு இறங்குறது?” என்று கேட்டாள் பிரிசில்லா.

கேட்ட பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது. ‘ஏன்ணே’ என்று கேட்டிருக்கலாம். ஆனால் ஏன் என்பதற்கு அவர் சொல்லும் பதிலை வைத்துக்கொண்டு அவளால் எதையும் நிறுத்த முடியாது. நேரம் போய்க்கொண்டிருந்தது.

“நான் இறங்குனா பாதிதான். நீ இறங்குனது பழசாயிட்டு. போன வாரம் வேற பயலுவ கூலிக்காவ இறங்கி எல்லார் எடையையும் கொறச்சு வச்சிருக்கானுவ.” அவர் மூச்சு வாங்குவது கேட்டது. “மெல்வின் இதுவரைக்கும் இறங்கினதில்ல.”

வேலைக்காக அவன் தினமும்தான் இறங்குகிறான். அவர் சொன்னது அதை இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. அன்று மெல்வினின் பெயர் வேலையில் இல்லை. கஸ்பார்தான் காலையில் அவன் பெயரை எடுக்கச் சொல்லியிருந்தார். ஏன் என்று அப்போது அவள் கேட்கவில்லை.

கேமராவில் மெல்வின் ஏணியில் இறங்குவது தெரிந்தது. மேலே கதவு ஏற்கெனவே நகர ஆரம்பித்திருந்தது. அவன் அண்ணாந்து பார்க்கவில்லை. தண்ணீரில் நின்று, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். திரை யோசிப்பது போல ஒரு புள்ளி சுற்றியது. கதவு இன்னும் கொஞ்சம் இறங்கியது. லைனில் கஸ்பார் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். செபமா வசவா என்று தெரியவில்லை.

‘மெல்வின்: முதல் முறை. ஏற்கப்பட்டது.’

கதவு நின்றது. அவன் தலைக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் குனிந்து போகும் இடம் இருந்தது.

“நம்பிட்டா அது?” என்றார் கஸ்பார்.

“நம்பிட்டுண்ணே.”

“சரி.” பிறகு, திட்டம் போடுகிறவர் கேட்பது போலவே கேட்டார். “இன்னும் எத்தன கதவு இருக்கு?”

பிரிசில்லா திட்டத்தைத் திறந்தாள். இனி இறங்க வேண்டிய கதவுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் அன்றைக்கு வேலை செய்யப் போகிறவர்களின் பெயர்கள். ஏற்கெனவே இறங்கி நின்றவர்கள் யார், இதுவரை நிற்காதவர்கள் யார் என்று அவள் கண் தானாகவே பிரித்தது. நிற்காதவர்களில் ஒரு பெயரைப் பிடித்து ஐந்தாவது கதவின் வேலையிலிருந்து வெளியே நகர்த்தினாள். இன்னொன்றை ஆறாவதிலிருந்து. கடைசிக் கதவுக்கு, போன மாதம் சேர்ந்த இரண்டு பேரை ஒதுக்கி வைத்தாள். நாள்களைக் கூட்டிப் போட்ட அதே விரல்கள்தான். வேலை சுலபமாக நடந்தது.

“அண்ணே, புதுசா சேந்தவங்க யாரும் இப்போதைக்கு இறங்க வேண்டாம்” என்றாள். “வச்சிருப்போம்.”